மரண விசாரணையும் வழக்கறிஞரும்

ஒருவர் இயற்கையல்லாத முறையில் இறந்துவிட்டால், அவர் யார், எங்கே, எப்பொழுது, எவ்வாறு இறந்தார் என்று கண்டறிய அரசாங்கம் நடத்தும் விசாரணைக்கு மரண விசாரணை என்று பெயர். அது குற்ற வழக்கு அன்று. அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் எவரும் இலர். வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. தண்டனையும் விதிக்கப்படுவதில்லை. உண்மையை அறிவது ஒன்றே அதன் நோக்கம் என்று சட்ட நூல்கள் கூறும். நோக்கம் அதுவேயானால், இறந்தவரின் குடும்பத்தார் கையிலிருக்கும் சிறு பணத்தையும் செலவிட்டு வழக்கறிஞர் ஒருவரை ஏன் அமர்த்த வேண்டும்? கேட்க வேண்டியவற்றையெல்லாம் விசாரணை அதிகாரியே கேட்டுவிட மாட்டாரா?

நீதிமன்றத்தில் எழும் கேள்வி அன்று இது. துக்க வீட்டில் எழும் கேள்வி. சவ அடக்கம் முடிந்து உறவினர் கலைந்து போகும் வேளையில், இன்ன நாளில் விசாரணை என்ற ஓலை வந்து சேர்கிறது. முடிவு செய்யக் கிடைக்கும் காலமோ மிகக் குறைவு. அந்த முடிவு எவ்வளவு பெரிய விளைவுகளை உண்டாக்க வல்லது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் அண்மைக்கால வரலாறு ஒரு தெளிவான சான்றாக விளங்குகிறது. அதனைக் காணுமுன், இவ்விசாரணை முறை பிறந்த நாட்டைச் சற்றே எட்டிப் பார்த்துவிட்டு வருதல் நலம்.

கொரோனர் பிறந்த கதை

கொரோனர் என்னும் பதவி இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டு, முதலாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில் நிலைபெற்றது. பெயரே அரச முடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். மக்களின் துயரைத் துடைப்பதற்காக அப்பதவி ஏற்பட்டது என்று எண்ணிவிடலாகாது. திடீர் மரணம் நேர்ந்த இடத்தில் மன்னனுக்குச் சேர வேண்டிய அபராதமும் பறிமுதல் பொருளும் தவறாமல் கருவூலம் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதே அவருடைய தொடக்க காலப் பணிகளுள் முக்கியமானது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வருவாய்க் கணக்கு மறைந்தது. மரணத்தின் காரணத்தை ஆராயும் கடமை மட்டும் நின்றது. ஆங்கிலேயர் சென்ற இடங்களுக்கெல்லாம் இவ்வழக்கமும் சென்றது. மலாயாவில் அப்பணி மாஜிஸ்திரேட்டுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் கொரோனர் சட்டம் இதற்கெனவே இயற்றப்பட்டது. இறந்தவரின் நெருங்கிய உறவினர் தாமே சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், அல்லது வழக்கறிஞர் வாயிலாகக் கேட்கலாம் என்பது அங்குள்ள விதி.

கேட்கலாம் என்று சட்டம் சொல்லிவிடும். அதற்குப் பணம் தருவது யார் என்று சொல்லாது. இங்கிலாந்திலேயே இக்குறை பெரிதாக வெளிப்பட்டது. 1989 ஏப்ரல் 15ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் காற்பந்தாட்டம் காண வந்த லிவர்ப்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினர். 96 பேர் உயிரிழந்தனர். அன்று படுகாயமுற்ற ஒருவர் 2021இல் இறந்ததால் தொகை 97 ஆயிற்று. அம்மரணங்கள் பற்றிய பொது விசாரணை 1990 நவம்பரில் தொடங்கியபோது, போலீஸ் தரப்புக்கும் மேலதிகாரிகளுக்கும் பொதுப் பணத்தில் வழக்கறிஞர்கள் வந்து அமர்ந்தனர். குடும்பத்தாருக்குச் சட்ட உதவிப் பணம் கிடைக்கவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பணம் திரட்டி, எல்லாருக்குமாக ஒரே ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொண்டன. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அன்று மாலை 3:15 மணிக்குப் பின் நடந்தவற்றை ஆராயப் போவதில்லை என்று கொரோனர் வரையறுத்தார். அந்நேரத்துக்குள் அனைவருக்கும் மீளாத காயம் ஏற்பட்டுவிட்டது என்பது அவர் கொண்ட முடிவு. ஒற்றை வழக்கறிஞரால் அவ்வரம்பை அசைக்க இயலவில்லை. 1991 மார்ச் 28ஆம் நாள் விபத்து மரணம் என்று ஜூரிகள் பெரும்பான்மையாய்த் தீர்ப்புரைத்தனர். மகனை இழந்த ஆன் வில்லியம்ஸ் என்னும் தாய், விபத்து என்று எழுதிய இறப்புச் சான்றிதழை வாங்கவே மறுத்து இருபதாண்டுகளுக்கு மேல் போராடினார். 2012 டிசம்பரில் அத்தீர்ப்புகள் இரத்தாயின. 2014இல் புதிய விசாரணை தொடங்கியபோது குடும்பத்தாரின் வழக்கறிஞர் செலவை அரசாங்கமே ஏற்றது. ஈராண்டு நடந்த அவ்விசாரணையின் முடிவில், 2016 ஏப்ரல் 26ஆம் நாள், 96 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று ஜூரிகள் கூறினர். ரசிகர்கள் மீது பழி இல்லை என்றும் கூறினர். பொது அமைப்புகள் சம்பந்தப்பட்ட மரண விசாரணைகளில் குடும்பத்தாருக்குச் சட்ட உதவி தரும் மசோதா ஒன்று 2025 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. இத்துணைக் காலம் பிடித்தது.

இங்கிலாந்தில் சிக்கல் பணத்தைப் பற்றியது. தென்னாப்பிரிக்காவில் எழுந்ததோ அதனினும் கடுமையான கேள்வி. தீர்ப்பு இன்னதென்று விசாரணைக்கு முன்னரே ஊரறிந்திருக்கும்போது வழக்கறிஞரை அமர்த்துவதில் பொருள் உண்டா?

காவலில் இறந்தோர்

தென்னாப்பிரிக்காவில் கொரோனர் இல்லை. 1959ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டே விசாரிப்பார். இறந்தவர் யார், மரணத்தின் காரணம் என்ன, எவருடைய குற்றச் செயலாலோ தவறாலோ அது நேர்ந்ததா என்பவற்றை அவர் பதிவு செய்ய வேண்டும். சட்டம் எழுத்தளவில் செம்மையானதே. ஆனால் 1963இல் நிறவெறி அரசாங்கம், எவரையும் வழக்கின்றி 90 நாள் அடைத்து வைக்கும் அதிகாரத்தைப் போலீசாருக்கு வழங்கியது. 1967இல் பயங்கரவாதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்த நாட்கணக்கையும் நீக்கிவிட்டது. அடைபட்டவரைக் காண மனைவிக்கும் உரிமையில்லை, வழக்கறிஞருக்கும் உரிமையில்லை. ஆகவே அவர் உயிரோடிருக்கும் வரை வழக்கறிஞரின் நிழலும் அவர்மீது படாது. அவர் இறந்த பின்னர்தான் வழக்கறிஞர் உள்ளே நுழையலாம். இக்கொடிய முரண்பாட்டை மனத்திற் கொண்டால்தான் பின்வருவன விளங்கும்.

1963 செப்டம்பர் 5ஆம் நாள் லுக்ஸ்மார்ட் இங்குட்லே என்பவர் பிரிட்டோரியாவில் காவலில் இறந்தார். தூக்கிட்டுக்கொண்டார் என்றனர். அவர் இறந்த பிறகு அரசாங்கம் அவருக்குத் தடையாணை பிறப்பித்தது. உயிரோடிருப்பவரை அடக்கும் ஆணையை இறந்தவர்மீது ஏன் போட வேண்டும் என்று வாசகர் வியக்கலாம். தடை செய்யப்பட்டவரின் சொற்களை எவரும் எடுத்துரைக்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அவர் காவலில் பட்டதைப் பற்றிப் பிறரிடம் சொன்னது எதுவும் விசாரணையில் வெளிவரக்கூடாது என்பதற்கே இந்த ஏற்பாடு. மரண விசாரணையில் வரும் ஒரு சாட்சியச் சொல்லுக்கு அரசாங்கமே அஞ்சியது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் அகமது திமோல். இந்திய வழிவந்தவர், ரூடபோர்ட் என்னுமூரில் இந்திய உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர், தடை செய்யப்பட்ட பொதுவுடைமைக் கட்சியின் இரகசியப் பணியில் ஈடுபட்டவர். 1971 அக்டோபர் 22ஆம் நாள் சாலைத் தடுப்பில் பிடிபட்டார். ஐந்தே நாளில், அக்டோபர் 27ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கம் எனப்படும் போலீஸ் நிலையத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து மாண்டார். தாமே சன்னலைத் திறந்து குதித்தார் என்றனர் போலீசார். காட்டிக்கொடுப்பதைவிடச் சாவது மேல் என்று கட்சியே கட்டளையிட்டிருந்ததாக ஒரு தாளையும் காட்டினர். அவருக்கு வயது 29.

தற்கொலையைப் பெரும் பாவமாகக் கருதும் இசுலாமியக் குடும்பம் அது. ஐசி மைசல்ஸ் என்னும் மூத்த வழக்கறிஞரும் ஜார்ஜ் பிசோசும் அக்குடும்பத்துக்காகத் தோன்றினர். விசாரணை தொடங்குமுன்னரே அவர்கள் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. போலீசார் கொடுத்திருந்த வாக்குமூலங்களைத் தங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டனர், மறுக்கப்படவே உயர் நீதிமன்றம் சென்றனர், வென்றனர். தாள்களைக் காணாமல் கேள்வி கேட்பவர் இருட்டில் கல்லெறிபவரே. அவ்வுரிமை 1972இல் திமோல் பெயரால் கிடைத்து, பின்வந்த குடும்பங்களுக்கும் பயன்பட்டது.

இன்னொன்று மருத்துவரைப் பற்றியது. வழக்கறிஞரை அமர்த்துவதென்றால் விசாரணை நாளில் ஒருவர் கறுப்பு அங்கியுடன் எழுந்து பேசுவது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் முதல் வேலை பிணவறையில் தொடங்குகிறது. அரசாங்க மருத்துவர் அறுக்கும்போது குடும்பத்தின் சார்பில் ஒரு மருத்துவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். அடக்கம் செய்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஜோனத்தன் குளுக்மன் என்னும் நோய்க்குறியியல் வல்லுநர் திமோலுக்காகவும், ஆறாண்டு கழித்து ஸ்டீவ் பிக்கோவுக்காகவும் இப்பணியைச் செய்தார். திமோலின் உடலில் இருந்த பல காயங்கள் விழுந்ததால் வந்தவையல்ல, காவலில் இருந்த நாட்களில் ஏற்பட்டவை என்பது அவர் கருத்து. மாஜிஸ்திரேட் அதனை ஏற்கவில்லை. 1972 ஜூன் 22ஆம் நாள், தற்கொலை, எவர்மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது.

வழக்கறிஞர் வந்தும் பயனில்லையே என்று அன்று பலரும் சொல்லியிருப்பர். அந்தக் கதை அத்துடன் முடியவில்லை.

பிக்கோ குடும்பத்தின் முன் இருந்த கேள்வி

ஸ்டீவ் பிக்கோ கறுப்புணர்வு இயக்கத்தின் தலைவர். நட்டால் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். இயக்கத்தில் ஆப்பிரிக்கரோடு இந்திய வழியினரும் இருந்தனர்; ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் ஆகியோர் அவருள் முன்னணியில் நின்றவர்கள். 1973இல் பிக்கோவுக்குத் தடையாணை பிறந்தது. அவர் கூட்டத்தில் பேசக்கூடாது. அவர் சொல்லைப் பத்திரிகையில் அச்சிடக்கூடாது. ஆயினும் 1976 மே மாதம் தோழர்களின் வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டபோது அவர் நாட்கணக்கில் பேசினார், பத்திரிகைகள் அச்சிட்டன. நாடெங்கும் வாயடைக்கப்பட்டிருந்த மனிதருக்குச் சாட்சிக் கூண்டு ஒன்றே பேசும் இடமாயிற்று. அவருடைய மரணத்தின் பின் குடும்பத்தார் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள இந்நிகழ்ச்சி உதவும்.

1977 ஆகஸ்ட் 18ஆம் நாள் அவர் பிடிபட்டார். போர்ட் எலிசபெத் நகரில் ஆடையின்றி அடைக்கப்பட்டார். செப்டம்பர் 6ஆம் நாள் சான்லம் கட்டடத்தின் 619ஆம் எண் அறையில் விசாரிக்கப்பட்டார். அங்கே தலையில் காயம்பட்டு மூளை சிதைந்தது. காலில் விலங்கிட்டு இரும்புக் கம்பியோடு பிணைத்து வைத்தனர். செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, நினைவு குன்றிய நிலையில், ஆடையின்றி, லாண்ட் ரோவர் வண்டியின் பின்புறத்தில் கிடத்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிரிட்டோரியாவுக்குக் கொண்டு சென்றனர். மருத்துவக் குறிப்பு எதுவும் உடன் செல்லவில்லை. மறுநாள் சிறை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 30.

உண்ணாவிரதம் இருந்தார் என்று போலீஸ் அமைச்சர் ஜிம்மி குரூகர் அறிவித்தார். அந்த மரணம் தம்மை வருத்தவும் இல்லை, மகிழ்விக்கவும் இல்லை என்று தம் கட்சி மாநாட்டில் பேசினார், கூடியிருந்தோர் சிரித்தனர். அக்டோபர் 7ஆம் நாள் ராண்ட் டெய்லி மெயில் பத்திரிகை, உண்ணாவிரதத்துக்கான அறிகுறியே உடலில் இல்லை என்று எழுதியது. குரூகர் முறையிடவே, பத்திரிகைக் குழு அப்பத்திரிகையைக் கண்டித்தது. அக்டோபர் 19ஆம் நாள் இயக்கங்கள் பதினெட்டு தடை செய்யப்பட்டன. கறுப்பர் படித்த தி வேர்ல்டு பத்திரிகை மூடப்பட்டது. பிக்கோவின் நண்பரான பத்திரிகையாசிரியர் டோனல்டு வூட்சுக்கும் தடையாணை வந்தது. ஆக, விசாரணை நவம்பர் 14ஆம் நாள் தொடங்கியபோது, இம்மரணத்தைப் பற்றித் துணிந்து பேசும் வாய்கள் ஏறக்குறைய எல்லாம் அடைக்கப்பட்டிருந்தன.

வழக்கறிஞர் வேண்டா என்பதற்கு அன்று வலுவான நியாயங்கள் இருந்தன. அதுவரை காவல் மரணங்கள் பற்றிய விசாரணைகளில் போலீசார் பொறுப்பேற்க நேர்ந்ததில்லை. மாஜிஸ்திரேட் நீதித்துறையின் சுதந்திர நீதிபதி அல்லர், அரசாங்க ஊழியர். அத்தகைய மன்றத்தில் போய் வாதாடினால், எல்லாத் தரப்பையும் கேட்டுத்தான் தீர்ப்பளித்தோம் என்று அரசாங்கம் உலகுக்குக் காட்ட நாமே துணை போனதாகாதா? நாடகத்தில் நமக்கொரு வேடம் ஏன்? இது வீம்புப் பேச்சு அன்று. மானமுள்ளோர் கேட்கும் கேள்விதான். செலவும் சிறிதன்று. அரசியல் வழக்குகளுக்கு உதவிவந்த தற்காப்பு உதவி நிதி என்னும் அமைப்பு 1966இலேயே தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதன் பணம் லண்டனிலிருந்து சுற்றுவழிகளில் மறைமுகமாகவே வந்துகொண்டிருந்தது. வழக்கை ஏற்கும் வழக்கறிஞருக்கும் ஆபத்து உண்டு.

குடும்பத்தார் அமர்த்துவதென்றே முடிவு செய்தனர். மனைவி இன்ட்சிகியும் தாய் ஆலிசும் மன்றத்தில் வந்து அமர்ந்தனர். வழக்கை எடுத்து நடத்தியவர் ஷுன் செட்டி என்னும் இந்திய வழி வழக்கறிஞர். அவருடைய குடும்பப் பெயர் நம் வாசகர் செவிக்குப் புதிதன்று. அவர் சார்பில் மன்றத்தில் வாதாட வந்தவர்கள் சிட்னி கெண்ட்ரிட்ஜ், ஜார்ஜ் பிசோஸ், எர்னி வென்ட்செல் ஆகிய மூவர். விசாரணை நடந்த இடம் பிரிட்டோரியாவின் பழைய யூத வழிபாட்டுக் கூடம். மண்டேலா முதலியோர்மீது முன்பு வழக்குகள் நடந்த அதே கூடம். மாஜிஸ்திரேட்டின் பெயர் மார்த்தினுஸ் பிரின்ஸ்.

பதின்மூன்று நாள்

கெண்ட்ரிட்ஜின் குறுக்கு விசாரணை உலகப் புகழ் பெற்றது. அவர் குரலை உயர்த்தியவர் அல்லர். சிறு சிறு கேள்விகளை வரிசையாய் வைத்து, சாட்சி தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்படி செய்வது அவர் முறை. போர்ட் எலிசபெத் பாதுகாப்புப் போலீசின் தலைவர் கர்னல் கூசன் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஒரு மனிதனை இரவும் பகலும் விலங்கில் பிணைத்து வைக்க எந்தச் சட்டம் உமக்கு அதிகாரம் தந்தது என்று கெண்ட்ரிட்ஜ் கேட்டார். தமக்கு முழு அதிகாரம் உண்டு என்றார் கூசன். எந்தச் சட்டத்தின்கீழ் என்று மறுபடி கேட்கவே, தாங்கள் சட்டங்களின்கீழ் வேலை செய்வதில்லை என்று சொல்லிவிட்டார். தாங்கள் எப்போதும் ஐயுற்றிருந்தது அதுவே என்று கூறி, நன்றியும் சொன்னார் கெண்ட்ரிட்ஜ்.

இப்பதிலை மாஜிஸ்திரேட் தாமாகக் கேட்டு வாங்கியிருப்பாரா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பாதுகாப்புப் போலீஸ் கர்னலை, ஆணையிட்டுச் சத்தியம் செய்ய வைத்து, உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில், நேருக்கு நேர் கேள்வி கேட்கும் வாய்ப்பு அந்நாட்டில் வேறெங்கும் இல்லை. 1959ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தால் சிறைச் செய்திகளை எழுத அஞ்சிக் கிடந்த பத்திரிகைகள், மன்றத்தில் சொல்லப்பட்டதை மறுநாளே அச்சிட்டன. ராண்ட் டெய்லி மெயில் எழுதிக் கண்டனம் வாங்கிய செய்தியையும் சாட்சிகளே இப்போது சொன்னார்கள்: பிக்கோ பட்டினியால் சாகவில்லை. கூசன் தலைமையகத்துக்கு அனுப்பிய டெலக்ஸ் செய்தியும் வெளிவந்தது. அமைச்சரின் துறை உண்மையை அறிந்தே இருந்தது என்பதும் அதனால் தெரிந்தது.

போலீசார் சொன்ன கதை வேறு. பிக்கோ திடீரென நாற்காலியைத் தூக்கி எறிந்து பாய்ந்தார். கைகலப்பில் தலை சுவரில் மோதியிருக்கலாம் என்றனர்.

போலீசாரைக் காட்டிலும் மருத்துவர் இருவரின் சாட்சியமே படிப்போர் மனத்தை அதிகம் வருத்தும். மாவட்ட மருத்துவர் ஐவர் லாங், பிக்கோவைப் பார்த்துவிட்டு, உடலில் கோளாறு எதுவும் காணவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார். உதட்டிலும் நெற்றியிலும் காயம் இருந்தது, பேச்சுக் குழறியது, நடை தள்ளாடியது. பின்னர் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரில் இரத்த அணுக்கள் இருந்தன. மூளைக் காயத்தின் அறிகுறி அது. ஆனால் மருத்துவமனைக் குறிப்பில் எல்லாம் சரியாக உள்ளதாகவே லாங் எழுதினார். சான்றிதழ் தவறானது என்பதை அவர் கெண்ட்ரிட்ஜின் முன் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவருடைய மேலவர் பெஞ்சமின் டக்கர். பிக்கோவை மருத்துவமனைக்கு அனுப்பக் கூசன் மறுத்தபோது ஏன் வற்புறுத்தவில்லை என்று அவரைக் கேட்டனர். போலீஸ் அதிகாரியின் முடிவை மருத்துவர் மீறலாம் என்பது தமக்குத் தெரியாது என்ற பொருள்பட அவர் விடை கூறினார். இதைச் சொன்னவர் அனுபவம் மிகுந்த ஒரு தலைமை மாவட்ட மருத்துவர்.

டிசம்பர் 2ஆம் நாள் பிரின்ஸ் தீர்ப்பைப் படித்தார். சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலைக்காயத்தால் மரணம், அது கைகலப்பில் நேர்ந்திருக்கக்கூடும், எவருடைய குற்றத்தாலும் நேர்ந்ததாகச் சான்றில்லை. இங்கிலாந்தின் வழக்கறிஞர் சங்கத் தலைவராயிருந்த சர் டேவிட் நேப்பிலி பார்வையாளராக வந்திருந்தார். தீர்ப்பைக் குறைகூறி அறிக்கை எழுதினார். குடும்பத்தார் எதிர்பார்த்த தீர்ப்புத்தான் வந்தது.

பதிவேடு செய்த வேலை

தீர்ப்பு மூன்று நிமிடம். சாட்சியங்களோ நூற்றுக்கணக்கான பக்கங்கள். மூன்று நிமிடத்தைக் கொடுத்தவர் மாஜிஸ்திரேட். அப்பக்கங்களின் பெரும்பகுதியை உண்டாக்கியவர்கள் குடும்பத்தின் வழக்கறிஞர்கள். பின்னாளில் வேலை செய்தவை அப்பக்கங்களே.

1979இல் குடும்பம் தொடுத்த இழப்பீட்டு வழக்கில் அரசாங்கம் 65,000 ராண்ட் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. குற்றமே இல்லை என்று தீர்ப்புப் பெற்ற அரசாங்கம் ஏன் பணம் கொடுத்தது என்று கேட்பாரில்லை. மருத்துவர் இருவர்மீதும் நடவடிக்கை எடுக்கத் தென்னாப்பிரிக்க மருத்துவ மன்றம் 1980இல் மறுத்தது. யூசுப் வெரியாவா, பிரான்சஸ் ஏம்ஸ், டிரெவர் ஜென்கின்ஸ், பிலிப் தொபாயஸ் முதலான ஆறு மருத்துவர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கையிலிருந்த ஆயுதம் விசாரணையில் லாங்கும் டக்கரும் தம் வாயால் சொன்ன சாட்சியம். 1985இல் அவர்கள் வென்றனர். மருத்துவ மன்றம் மறுபடி விசாரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டது. டக்கரின் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, லாங் கண்டிக்கப்பட்டார். 1977இல் குறுக்கு விசாரணை செய்ய எவரும் இல்லாதிருந்தால், கோளாறு எதுவுமில்லை என்ற அந்தச் சான்றிதழே வரலாற்று ஆவணமாக நிலைத்திருக்கும்.

நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் போலீசார் ஐவர் உண்மை, நல்லிணக்க ஆணையத்திடம் பொதுமன்னிப்புக் கேட்டனர். காயம் நேர்ந்த நாள் செப்டம்பர் 7 அன்று, 6 என்று அப்போது கூறினர். 1977இல் சத்தியம் செய்து சொன்னது பொய்யென்றும் ஒப்புக்கொண்டனர். பழைய வாக்குமூலம் எழுத்தில் இருந்ததால்தான் புதியதை அதன்மேல் வைத்து அளக்க முடிந்தது. உண்மை முழுவதையும் அவர்கள் சொல்லவில்லை என்பதால் 1999இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது.

திமோல் கதைக்கு வருவோம். அவருடைய மருமகன் இம்தியாஸ் காஜி பல்லாண்டு அலைந்து சான்றுகளைத் திரட்டினார். 2017 ஜூனில் மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. 1972இன் சாட்சியங்களும் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளும் மறுபடி ஆராயப்பட்டன. குளுக்மன் அன்று சொல்லி ஏற்கப்படாத கருத்தின் பக்கமே புதிய மருத்துவ வல்லுநர்களும் சாய்ந்தனர். முதிய வயதில் ஜார்ஜ் பிசோசே இம்முறை சாட்சியாக வந்தார். 2017 அக்டோபர் 12ஆம் நாள் நீதிபதி பில்லி மோட்லே, திமோல் குதிக்கவில்லை, தள்ளப்பட்டார், இது கொலை என்று தீர்ப்பளித்தார். கடைசியாக அவ்வறையில் இருந்ததாகச் சொன்ன ரோட்ரிக்ஸ் என்னும் முன்னாள் போலீஸ்காரர்மீது 2018இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு நடக்குமுன் 2021இல் அவர் இறந்தார். மகன்மீது ஏற்றப்பட்ட தற்கொலைப் பழி நீங்கியதைக் காணத் தாய் ஹவாவும் உயிரோடில்லை. வழக்கறிஞரின் உழைப்பு பலன் தரும் என்று சொல்லும்போது, அது யாருக்கு, எத்தனை ஆண்டு கழித்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1982இல் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்ட தொழிற்சங்க மருத்துவர் நீல் ஆகெட்டின் விசாரணையிலும் பிசோஸ் வாதாடினார். காவலில் இருந்த பிறரும் தாங்கள் பட்ட சித்திரவதையைச் சொல்ல அனுமதி பெற்றார். எவர்மீதும் குற்றமில்லை என்ற அன்றைய முடிவை 2022 மார்ச் 4ஆம் நாள் நீதிமன்றம் மாற்றியது. கேப் டவுனில் 1969இல் காவலில் இறந்த இமாம் அப்துல்லா ஹாரூனின் குடும்பம், படிக்கட்டில் வழுக்கி விழுந்தார் என்ற பழைய கதை பொய்யென்ற தீர்ப்பை 2023 அக்டோபரில் பெற்றது. இமாம் ஹாரூன் கேப் மலாய் முஸ்லிம் சமூகத்தின் வழிகாட்டியாக விளங்கியவர். இப்பகுதித் தீவுகளிலிருந்து டச்சுக்காரர் கப்பலேற்றிச் சென்றோரும் அச்சமூகத்தின் மூதாதையருள் அடங்குவர்.

வழக்கறிஞர்களின் கதியையும் குறிப்பிட்டாக வேண்டும். கெண்ட்ரிட்ஜ் பின்னாளில் லண்டனிலும் வாதாடிப் பெரும் புகழும் சர் பட்டமும் பெற்றார். பிசோஸ் தாம் வாதாடிய இவ்விசாரணைகளைப் பற்றியே 1998இல் ஒரு நூல் எழுதினார். ஷுன் செட்டியின் பெயரை அறிந்தோர் சிலரே. வாக்குமூலங்களைத் திரட்டியதும், மருத்துவரைத் தேடியதும், குடும்பத்தாரோடு இருந்ததும் அவருடைய அலுவலகம்தான். போலீசாரின் தொல்லை மிகுந்து, 1979இல் அவர் நாட்டை விட்டு போட்சுவானாவுக்குத் தப்பிச் சென்றார். வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தனர்.

போர்ட் எலிசபெத் நகருக்கு இப்போது கெபேஹா என்று பெயர். பிக்கோ இறந்து 48 ஆண்டு நிறைந்த நாளான 2025 செப்டம்பர் 12 அன்று, அந்நகரின் உயர் நீதிமன்றத்தில் அவருடைய மரண விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. பிரின்ஸ் மூன்று நிமிடத்தில் படித்து முடித்த தீர்ப்பு மறுபடி ஒரு நீதிபதியின் மேசைக்கு வந்தது.